டெல்டாவின் இயந்திரங்கள் – 9: டேங்கைப் பெரிதாக்கினால்

தை, மாசி மாதங்களில் சம்பா, தாளடி அறுவடைக்காகத் தஞ்சாவூர், திருவாரூர் வட்டாரங்களில் வந்து இறங்கும் அறுவடை இயந்திரங்கள் மணிக் கணக்கில் வாடகை பேசி ஓடுபவை. பனி காய்ந்த பின்னரே கதிரில் இறங்க முடியும் என்பதால் வேலை நேரம் முன்பே சுருங்கிவிடுகிறது. அதிலும் டீசல் நிரப்ப நிற்கும் ஒவ்வொரு அரைமணியும் உரிமையாளருக்கு இழப்பாகிறது. நரிமணத்தில் பூமியிலிருந்து எண்ணெய் எடுக்கும் இதே டெல்டாவில், வயலில் நிற்கும் இயந்திரத்துக்கான டீசல் பெரும்பாலும் பங்கிலிருந்து கேனில்தான் வந்து சேர்கிறது. டேங்கைப் பெரிதாக்கிவிட்டால் இந்த அலைச்சல் தீரும் என்ற எண்ணம் இங்கிருந்தே பிறக்கிறது. பழைய என்ஜின்களின் காலத்தில் அது வெல்டிங் பட்டறையில் முடிந்துவிடும் வேலையாகவும் இருந்தது.

முதல் தடை மண்ணிலிருந்தே வருகிறது. கல்லணைக் கால்வாயாகிய புது ஆற்றின் பாசனப் பகுதியில் மணல் கலந்த நிலம் மிகுதி. பழைய டெல்டாவிலோ நீர் வடிந்த பிறகும் கனத்த களிமண் நெகிழ்ந்தே கிடக்கிறது. டயர் வண்டி புதையும் அவ்வயல்களுக்கென்றே, எடையை அகலமான ரப்பர் பட்டையின்மேல் பரப்பிச் செல்லும் பெல்ட் வண்டிகள் வந்தன. ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 830 கிராம் எடையுள்ளது. எனவே 100 லிட்டர் கூடுதல் கொள்ளளவு என்பது, தகட்டின் எடையைச் சேர்க்காமலே, 83 கிலோவை ஒரு பக்கத்தில் தொங்கவிடுவதாகும். டேங்கின் உள்ளே தடுப்புத் தகடுகள் இல்லையென்றால், வரப்பேறி இறங்கும்போது அந்த எடை நிலையாக நில்லாமல் அலைந்து, வண்டியையும் சாய்க்கப் பார்க்கும்.

இரண்டாவது தடை புகை விதி. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 115-ஏ விதி, டிராக்டர், பவர் டில்லர், அறுவடை இயந்திரம் ஆகியவற்றின் டீசல் என்ஜின் புகைக்கு வரம்பு வகுக்கிறது. வேளாண் இயந்திரங்களுக்கான இவ்வரம்புகள் ‘ட்ரெம்’ என்ற பெயரில் நிலை நிலையாக இறுகிவருகின்றன. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு நான்காம் நிலை, சில முறை தள்ளிவைக்கப்பட்ட பின், 2023 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 37 முதல் 56 கிலோவாட் வரையான என்ஜின், ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு முன்பு 0.40 கிராம் வரை கரித்துகள் விடலாம் என்றிருந்தது, இந்நிலையில் 0.025 கிராமாக, அதாவது பதினாறில் ஒரு பங்காகக் குறைந்தது.

புகைக்குழாயில் அளக்கப்படும் இந்த எண்ணுக்கும் வண்டியின் மறுகோடியில் உள்ள டேங்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது இயல்பே. பெட்ரோல் வண்டியில் தொடர்பு நேரடியானது: டேங்கிலிருந்து ஆவியாகும் பெட்ரோலே மாசு என்பதால், வண்டியை மூடிய அறையில் நிறுத்தி அந்த ஆவியை அளக்கிறார்கள், பாரத் ஸ்டேஜ் 6-இல் ஒரு சோதனைக்கு 2 கிராம்தான் வரம்பு. டீசல் எளிதில் ஆவியாவதில்லை. அங்கே கேடு சுற்றிவளைத்து வருகிறது. புதிய என்ஜின்களில் உள்ள காமன் ரெயில் முறை, 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் மயிரிழைத் துளைகள் வழியே டீசலைத் தெளிக்கிறது. கார் டயரின் காற்றழுத்தம் 2 பார் அளவே என்பதை நினைத்தால் அதன் கடுமை விளங்கும். பட்டறைக்காரர் கையில் கிடைத்த துத்தநாகம் பூசிய தகட்டில் டேங்க் செய்தால், துத்தநாகம் டீசலில் சிறிது சிறிதாகக் கரைந்து அத்துளைகளின் வாயில் படிகிறது. தெளிப்பு சிதைகிறது, கரி கூடுகிறது, கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள வண்டியில் அதுவும் அடைத்துக்கொள்கிறது. என்ஜினிலிருந்து சூடாகத் திரும்பும் மிச்ச டீசலின் குழாயை உறிஞ்சு குழாயின் அருகிலேயே இறக்கிவிட்டால், சூடும் குமிழியும் ஆறுவதற்குள் அதே டீசல் மறுபடி என்ஜினுக்குள் போகிறது. மூச்சுக் குழாய் சரியாக அமையாவிட்டால் வெற்றிடம் உண்டாகி டீசல் வருவது தடைப்படுகிறது.

பெரிய என்ஜின்களில் இன்னொரு டேங்கும் சேர்ந்துகொள்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை முறிக்கப் புகைக்குழாயில் தெளிக்கப்படும், 32.5 சதவீத யூரியா கரைந்த தூய நீர் அதில் இருக்கும். யூரியா என்றதும் உழவர் மனத்தில் எழும் மூட்டை இதற்கு உதவாது. மானிய யூரியாவில் பூசியிருக்கும் வேப்பெண்ணெய், ஆக்சைடை முறிக்க உதவும் வினையூக்கியைக் கெடுத்துவிடும்.

சட்டத்தின் நிலை பலர் எண்ணுவதைவிடக் கடுமையானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. சுமையற்ற எடையும் பதிவுச் சான்றில் இடம்பெறும் விவரம் என்பதால், கனத்த டேங்க் அங்கேயே சிக்கிக்கொள்ளலாம். அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182-ஏ பிரிவு இடமளிக்கிறது.

டேங்கைத் தொடாமல் டீசலை வயலுக்கு அருகே கொண்டுபோய் வைப்பதே இவையெல்லாவற்றையும் தாண்டும் வழியாகத் தோன்றுகிறது. சட்டமும் அதற்குத் தாராளமாகவே இடம் தருகிறது. 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்தின்படி, டீசல் அடங்கும் ‘பி’ வகை எண்ணெயை ஓரிடத்தில் 2,500 லிட்டர் வரை, எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல், உரிமமின்றி வைத்திருக்கலாம். அப்படி வைக்கும் பீப்பாயை இரவு முழுவதும் அசைக்காமல் விட்டு, அடியில் தங்கிய நீரையும் கசடையும் கலக்காதபடி பம்பின் உறிஞ்சு குழாயைப் பீப்பாயின் அடித்தட்டிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நிறுத்தி, வடிகட்டி வழியே டீசலை ஏற்ற வேண்டும்.