இரைப்பை சிறுத்த பின்

உடற்பருமனோடு நீரிழிவு போன்ற நோய்களாலும் அவதியுறுவோர் சிலருக்கு மருத்துவர்கள் இரைப்பை அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றனர். இதில் இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஒன்றில், இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கு வெட்டி அகற்றப்படுகிறது. மற்றொன்றில், இரைப்பையின் மேற்பகுதி ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு பையாக்கப்பட்டு, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தவிர்த்து, அதற்குக் கீழுள்ள பகுதியோடு இணைக்கப்படுகிறது.

எடை குறைகிறது, பலருக்கு நீரிழிவும் கட்டுக்குள் வருகிறது. ஆனால், இரைப்பை வெறும் உணவுப் பை அன்று. பி12 எனும் உயிர்ச்சத்தைக் குடல் உறிஞ்ச வேண்டுமானால், இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் துணைபுரிய வேண்டும். அச்சுவர் குறைந்தாலோ உணவு அதனைத் தொடாமல் சென்றாலோ, இறைச்சியும் முட்டையும் உண்டாலும் பி12 போதிய அளவு உடலில் சேராது. இரும்புச்சத்து பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில் உறிஞ்சப்படுகிறது. இரண்டாம் முறையில் உணவு அவ்வழியே செல்வதே இல்லை.

இக்குறைபாடு உடனே தெரிவதில்லை என்பதே சிக்கல். கல்லீரலில் பி12 பல ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருக்கும். எனவே, எடை குறைந்து, உடல் தேறி, மாத்திரையை மறந்துவிட்ட காலத்தில்தான் சோர்வும் கைகால் மரத்துப்போதலும் தலைகாட்டும். நரம்புப் பாதிப்பு முற்றினால் முழுமையாகக் குணமாகாமலும் போகலாம்.

பி1 இதற்கு நேர்மாறானது. அதன் சேமிப்பு சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். அறுவைக்குப் பின் ஓயாது வாந்தியெடுப்பவருக்குக் கால் தளரலாம், பார்வை தடுமாறலாம், மனமும் குழம்பலாம். இக்குறைபாட்டால் வரும் பெரிபெரி நோய் மலாயாவுக்குப் புதிதன்று. அக்காலத்தில் தீட்டிய அரிசியை உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் பலர் அதற்குப் பலியாயினர். புழுங்கல் அரிசிச் சோறு உண்ட தமிழ்த் தொழிலாளர்களோ பெரும்பாலும் தப்பினர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது! வில்லியம் ஃபிளெட்சர் எனும் மருத்துவர் 1905-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் தொடங்கிய சோதனையும் இருவகை அரிசிக்கும் உள்ள இவ்வேறுபாட்டைக் காட்டியது.

இன்று, அறுவைச் சிகிச்சை பெற்றோர் வாழ்நாள் முழுவதும் உயிர்ச்சத்து மாத்திரைகளை உட்கொள்கின்றனர். குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்கின்றனர். சிலருக்குப் பி12 ஊசியாகவே போடப்படுகிறது. வாந்தி நிற்காதவர் மட்டும் பரிசோதனை நாள்வரை காத்திருக்கலாகாது. அவருக்குப் பி1 உடனே தேவைப்படும்.