பிரதிவாதி பயங்கரம்: ஒரு திருமாளிகைப் பெயரின் வரலாறும் பொருளும்

ஸ்ரீவைஷ்ணவ ஆசார்ய புருஷர்களின் திருமாளிகைப் பெயர்களுள் பல, ஊரைக் கொண்டு அமைந்தவை. நடாதூர், வங்கீபுரம், எறும்பி முதலியன அவ்வகையின. சில பெயர்கள் எம்பெருமானின் திருவாக்கால் வந்தவை. ஆற்றில் வந்த உடலில் திருவிலச்சினை கண்டு, குலம் ஆராயாது அதற்கு இறுதிக்கடன் செய்தவரை ஊரார் விலக்கினர். காஞ்சிப் பேரருளாளன் அவரைத் தமக்கு நல்லவர் என்று அருளியதனால் ‘நல்லான்’ என்னும் பெயர் அவ்வம்சத்திற்கு நிலைத்தது என்பர் பெரியோர். இவ்விரு வகையிலும் சேராமல், வாதத்தில் பெற்ற விருதே குடிப்பெயராய் நின்ற அரிய பெயர் ‘பிரதிவாதி பயங்கரம்’ என்பது.

முதலில் சொல்லின் அமைப்பைக் காண்போம். வாதத்தில் ஒரு பக்ஷத்தை நிறுவுபவன் வாதீ. அதனை மறுத்து எதிர்நிற்பவன் பிரதிவாதீ. பயத்தைச் செய்பவன் பயங்கரன். பாணினி மூன்றாம் அத்யாயத்தின் இரண்டாம் பாதத்தில், மேகம், ருதி, பயம் என்னும் மூன்று சொற்களை அடுத்துச் செய்தற்பொருளில் க்ருஞ் தாது வரும்போது ‘கச்’ என்னும் ப்ரத்யயத்தை விதிக்கிறார். அப்போது இடையில் மகர ஆகமம் தோன்றி, மேகங்கர, ருதிங்கர, பயங்கர என்னும் வடிவங்கள் உண்டாகின்றன. ‘பிரதிவாதிகளுக்குப் பயத்தைச் செய்பவர்’ என ஆறாம் வேற்றுமைத் தொகையாக இவ்விருது விரியும். வடமொழியில் ‘பயங்கர:’ என ஆண்பாலில் நிற்கவேண்டிய சொல், தமிழிலும் தெலுங்கிலும் ‘பயங்கரம்’ என்று வழங்குகிறது. ஒருவரைக் குறித்த நிலை மாறி, விருதையும் பின்னர் அவ்விருதுடைய இல்லத்தையும் குறித்தமையால் இவ்வடிவம் நிலைத்தது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இங்கே கருதத்தக்க இரு செய்திகள் உண்டு. பய சப்தத்திற்குச் சொன்ன விதியே பயத்தை இறுதியாகவுடைய ‘அபய’ சப்தத்திற்கும் பொருந்தி, ‘அபயங்கர’ என்னும் சொல்லைத் தரும் என்பர் வ்யாகரண வ்யாக்யாதாக்கள். அடுத்த ஸூத்ரத்தாலேயே க்ஷேமங்கர, ப்ரியங்கர என்னும் சொற்கள் ஸித்திக்கின்றன. ஆக, அச்சம் தருவதைச் சொல்லும் விதிக்குள்ளேயே அபயம் அடங்கியிருக்கிறது. அதற்கு அடுத்து க்ஷேமம் நிற்கிறது. இவ்விருதைப் பெற்ற மஹானுடைய சரித்ரமும் இம்முறையிலேயே சென்றமை பின்னர் விளங்கும்.

விருதைப் பெற்றவர் காஞ்சியில் அவதரித்த ஹஸ்திகிரிநாதர் அண்ணன். ஹஸ்திகிரி என்பது பேரருளாளன் எழுந்தருளியிருக்கும் அத்திகிரி. அவ்வெம்பெருமானின் திருநாமமே இவருக்கு இடப்பெற்றது. இவர் ஸ்ரீவேதாந்த தேசிகரின் திருக்குமாரரான நயினாராசாரியரிடம் வேதாந்த க்ரந்தங்களை அதிகரித்தார். அக்காலத்தே நரஸிம்ஹ மிச்ரர் என்னும் அத்வைத வித்வான் வாதம் செய்ய வந்தார். நயினாராசாரியர் தம் சிஷ்யரான அண்ணனையே வாதத்தில் நியமித்தார். அண்ணன் வென்றார். அவ்வெற்றியை உகந்து ஆசார்யர் அளித்ததே ‘பிரதிவாதி பயங்கரம்’ என்னும் விருது என்று குருபரம்பரை வரலாறு கூறும். தேசிகரைத் துதிக்கும் ‘ஸப்ததி ரத்நமாலிகா’ என்னும் ஸ்தோத்ரமும் அண்ணன் அருளிச்செய்ததே.

இவ்விருதின் கருத்தைத் தற்பெருமை என்று எண்ணுதல் தவறு. நியாய சாஸ்த்ரம் கதையை வாதம், ஜல்பம், விதண்டை என மூன்றாகப் பிரிக்கும். உண்மையை அறியும் விருப்பத்தோடு நிகழ்வது வாதம். வெற்றி ஒன்றையே கருதுவது ஜல்பம். தன் பக்ஷம் நிறுவாமல் பிறர் பக்ஷத்தைச் சிதைப்பது விதண்டை. பிரதிவாதிக்கு வரும் பயம் மனிதனைக் கண்டு வரும் பயம் அன்று. தன் பக்ஷம் நில்லாது என்று தெளிவதால் வரும் பயமே. அப்பக்ஷத்தை அவன் விட்டபோது அவன் பிரதிவாதி அல்லன். ஆகவே அவனுக்குப் பயமும் இல்லை. எம்பெருமானாரோடு பதினெட்டு நாள் வாதிட்ட யஜ்ஞமூர்த்தி, பின்னர் அருளாளப்பெருமாள் எம்பெருமானாராய், ஞானஸாரமும் ப்ரமேயஸாரமும் அருளிச்செய்தார். வாதத்தின் பயன் எதிரி ஒழிவதன்று, சிஷ்யன் கிடைப்பது என்பதற்கு இதனினும் சிறந்த ஸாக்ஷி வேண்டா.

இவ்வகை விருது வேறு ஆசார்யர்க்கும் உண்டு. திருவாய்மொழிக்குப் பன்னீராயிரப்படி அருளிச்செய்த அழகிய மணவாள ஜீயர் ‘வாதிகேஸரி’ எனப்படுவர். பெரியவாச்சான்பிள்ளையின் திருமடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்து, கல்லாதவர் என்று இகழப்பட்டுப் பின்பு அவ்வாசார்யராலேயே கற்பிக்கப்பெற்றவர் அவர். ஆயினும் துறவறம் பூண்ட அவருடைய விருது அவரோடு நின்றது. அண்ணனுடைய விருதோ அவர்தம் திருவம்சத்தார் அனைவர்க்கும் தலைப்பெயராயிற்று. அரிய பெயராக இதனைத் தனித்துக் காட்டுவது இதுவே.

இனி அண்ணன் சரித்ரத்தின் பிற்பகுதி. திருமலையில் தீர்த்தகைங்கர்யம் செய்துவந்த அவர், திருவரங்கத்திலிருந்து வந்த ஒரு ஸ்ரீவைஷ்ணவர் சொல்ல மணவாள மாமுனிகளின் வைபவத்தைக் கேட்டார். அதிலேயே ஈடுபட்டு, தீர்த்தத்தில் பரிமளம் சேர்க்க மறந்து ஸமர்ப்பித்துவிட்டார். பிறகு நினைவுவந்து பரிமளத்தோடு சென்றபோது, அன்றைய தீர்த்தம் என்றுமில்லா நறுமணம் உடையதாய் இருந்தமை அறிந்து வியந்தார் என்பது ஐதிஹ்யம். உடனே திருவரங்கம் சென்று மாமுனிகளின் காலக்ஷேபத்தைக் கேட்டு, அவர் திருவடிகளில் ஆச்ரயித்தார். மாமுனிகள் அவருக்கு ‘ஸ்ரீவைஷ்ணவ தாஸர்’ என்னும் திருநாமம் சாதித்தருளினார். பிரதிவாதிகளுக்குப் பயங்கரராய் இருப்பவர் ஸ்ரீவைஷ்ணவர்களுக்குத் தாஸராய் இருத்தல் ஸ்வரூபத்திற்குச் சேரும் என்பது இதன் கருத்து. வானமாமலை ஜீயர், கோயில் கந்தாடை அண்ணன், எறும்பியப்பா முதலியோரோடு இவரும் அஷ்டதிக்கஜங்களுள் ஒருவராய் விளங்கினார்.

திருவேங்கடமுடையானுக்கு இவர் ஸமர்ப்பித்தவை ஸுப்ரபாதம், ஸ்தோத்ரம், ப்ரபத்தி, மங்களாசாஸனம் என்னும் நான்கு. முறையே 29, 11, 16, 14 ச்லோகங்கள். ஆகக் கூட 70. ஸுப்ரபாதத்தின் முதல் ச்லோகம் வால்மீகி பகவானுடையது. எதிரிகளை வாய்மூடச் செய்த வாக்கு, எம்பெருமானைத் துயிலெழுப்பவும் அவன் திருவடிகளைச் சரணம் புகவும் அமைந்தது. ‘பயங்கர’ சப்தத்தின் உள்ளே ‘அபயங்கர’ சப்தம் இருப்பதாக மேலே கூறியதற்கு இதுவே பொருள்.

இப்பெயர் இன்று காஞ்சியில் முதன்மையாகவும், திருவேங்கடமுடையான் ஸம்பந்தத்தால் ஆந்திர தேசத்திலும் வழங்குகிறது. காஞ்சி பிரதிவாதி பயங்கர மடத்தின் வழியாக மும்பை முதலிய வடபுலத்து நகரங்களிலும் அறியப்பட்டது. அம்மடத்து அனந்தாசாரிய ஸ்வாமி ‘சாஸ்த்ரமுக்தாவளி’ வரிசையில் பல அரிய க்ரந்தங்களை வெளியிட்டார். காஞ்சி அண்ணங்கராசாரிய ஸ்வாமி (1891-1983) திவ்யப்ரபந்தம் முழுமைக்கும் ‘திவ்யார்த்த தீபிகை’ உரை சாதித்தார். தென்கலை வித்வானாகிய அவரே தேசிகரின் க்ரந்தங்களையும் ‘ஸ்ரீவேதாந்ததேசிக க்ரந்தமாலா’ என்று தொகுத்துப் பதிப்பித்தார். காக்கிநாடாவில் பிறந்த திரைப்படப் பாடகர் பி. பி. ஸ்ரீநிவாஸ் (1930-2013) பெயரின் முன்னெழுத்துகளும் இவ்விருதே.

ஆந்திர வழக்கில் குடிப்பெயர் முன்னே முழுமையாய் நிற்கும். தமிழ் வழக்கில் முன்னெழுத்தாய்ச் சுருங்கும். ‘பயங்கரம்’ என்னும் சொல்லுக்கு இக்காலத் தமிழில் கொடுமை, கோரம் என்னும் பொருளே மிகுந்தமையால், சுருக்கிய இரண்டு எழுத்துகளை விரித்துச் சொல்ல இளையோர் கூசுவதும் உண்டு. விரிக்காதபோது இழப்பது சொல் மட்டுமன்று; அச்சொல் தாங்கும் ஸாக்ஷியும் மறைகிறது.

அந்த ஸாக்ஷி யாது? விருதை அளித்தவர் தேசிகரின் திருக்குமாரர். அதனைப் பெற்றவர் மாமுனிகளின் அஷ்டதிக்கஜங்களுள் ஒருவர். வடகலை, தென்கலை எனப் பிரிந்து வழக்காடிய பிற்காலத்தார் எதிரெதிரே நிறுத்திய இரு பரம்பரைகளும் இவ்வொரு பெயரில் சேர்ந்து நிற்கின்றன. தேசிகரைப் பாடிய வாக்கும், மாமுனிகளை ஆச்ரயித்த திருவுள்ளமும் ஒருவருடையவை. ஸித்தாந்த பேதங்கள் இதனால் இல்லையாகிவிடா. அவற்றைப் பேசும் முறை எது என்பதை இப்பெயர் காட்டும். வாதத்தில் தளராமையும், பாகவதர்களிடத்தில் தாஸ்யமும் ஒருவரிடமே கூடியிருக்கலாம் என்பதற்கு அண்ணனே ப்ரமாணம்.

ஆகையால் இவ்வம்சத்தார் கையெழுத்தில் இரண்டு எழுத்தாகச் சுருக்கினும், தம் குழந்தைகளுக்கு அதனை முழுமையாக விரித்துச் சொல்லி வைப்பது நன்று. அப்படிச் சொல்லும்போது, நயினாராசாரியர் அளித்த விருதையும் மாமுனிகள் சாதித்த ‘ஸ்ரீவைஷ்ணவ தாஸர்’ என்னும் திருநாமத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும்.