ஒண்முகிலின் நடுவே ஒளிந்திருக்கும் துணைமீன்

'கோள்வடிவ ஒண்முகில்' என்பது பொருந்தாப் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் தம் தொலைகாட்டியில் அவை கோள்போல் வட்டமாய்த் தோன்றக் கண்டு இட்ட பெயர் அது. உண்மையில் அவை, ஞாயிறு போன்ற விண்மீன்கள் முதுமையிற் பருத்துத் தம் மேற்போர்வையாகிய வாயுவைக் கழற்றியெறிதலால் உண்டாவன. நடுவில் எஞ்சும் வெப்பமிக்க உள்ளகம் பின்னர் வெண்குறுமீனாகும்.

தனிமீன் எறியும் போர்வை உருண்டையாக இருத்தலன்றோ இயல்பு? ஆயின் ஒண்முகில்கள் பல உடுக்கைபோல் இடை சிறுத்துள்ளன. நடுமீனைச் சுற்றும் துணைமீனே அப்போர்வையை இவ்வாறு உருவாக்குகின்றது என்பர் ஆய்வாளர். அத்துணையைக் காணும் வகையினை ஈண்டு யாம் கூறப் புகுந்தோம்.

உடப்புக் கரையில் இரவில் நிற்போர்க்குத் தொலைவிலுள்ள தோணியின் உரு தெரிவதில்லை. விளக்கு மட்டுமே தெரியும். அவ்விளக்கு ஒழுங்காக இடையிடையே மறையுமாயின், அதனை ஏதோ ஒன்று மறைக்கின்றது என்று உணர்வோம். முதல் வழி இதுவே. 1976இல் ஹோவர்ட் பாண்ட், ஆபெல் 63 என்னும் ஒண்முகிலின் நடுமீன் ஏறத்தாழ 11 மணிக்கு ஒருமுறை துணைமீனால் மறைக்கப்படுதலை அறிவித்தார். மறைப்பு நிகழாவிடினும், வெப்பமீனை நோக்கிய துணையின் முகம் சூடேறி ஒளிர்தலால் ஒளி கூடிக் குறையும்.

இரண்டாம் வழி, நிறமாலைக் கோடுகளின் அசைவு. மீன் நம்மை நோக்கி வருங்கால் அவை நீலப்புறமும், விலகுங்கால் செம்புறமும் நகரும். 1790இல் ஹெர்ஷல் கண்ட என்.ஜி.சி. 1514 இன் நடுவிலுள்ள இரட்டை மீன்கள் ஒன்றையொன்று சுற்ற ஏறத்தாழ 9 ஆண்டுகள் ஆகுமென 2017இல் இவ்வழியாலேயே தெளிந்தனர்.

மூன்றாவது, ஒளியின் நிறம். வெப்பமீன் புறவூதாவிலும், குளிர்ந்த மீன் அகச்சிவப்பிலும் மிகுந்து தோன்றும். இம்முறை ஒண்முகில்களுக்கு மட்டும் உரியதன்று. இந்தியா 2015இல் விண்ணில் ஏற்றிய அஸ்ட்ரோசாட்டின் புறவூதாத் தொலைகாட்டியைக் கொண்டு, பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்து அன்னபூரணி சுப்பிரமணியம் குழுவினர், என்.ஜி.சி. 188 என்னும் விண்மீன் கூட்டத்து மீன் ஒன்றின் வெப்பத் துணையை 2016இல் கண்டறிந்தனர்.

துணைமீனே உருவாக்குகின்றது என்பதற்குச் சான்று யாது? அளந்தறிந்த எட்டு ஒண்முகில்களிலும் அவற்றின் சாய்வு இரட்டை மீன்களின் சுற்றுப்பாதைச் சாய்வோடு ஒத்திருந்தமையை 2016இல் காட்டினர். ஒளிமாற்றத்தால் அறியப்படும் நெருங்கிய இணைகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு ஒண்முகில்களில் உள்ளன. அகன்ற இணைகளை அறியப் பல்லாண்டுப் பொறுமை வேண்டும்.

நம் ஞாயிற்றுக்குத் துணைமீன் இல்லை. அது முதுமையில் எத்தகைய ஒண்முகிலை ஆக்கும் என்பது முடிவாகாத வினா. அதற்கு விடை காண்போர் வரிசையில் நம் மாணவரும் இடம்பெறுவாராக.