இரண்டு தலைமுறை, ஒரே எதிர்ப்பு

1916 கோடையில் பம்பாய்ப் பார்சிச் செல்வந்தர் சர் தின்ஷா பெட்டிட்டின் விருந்தினராக டார்ஜிலிங்கில் தங்கியிருந்தார் வழக்கறிஞர் முகமது அலி ஜின்னா. சமூகம் விட்டுச் சமூகம் பெண் எடுப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நண்பரிடம் கேட்டார். தேச ஒற்றுமைக்கு நல்லதுதானே என்றார் பெட்டிட். அப்படியானால் உங்கள் மகளை எனக்குக் கட்டிக்கொடுங்கள் என்றார் ஜின்னா.

மகள் ருட்டிக்கு அப்போது 16 வயது, ஜின்னாவுக்கு 39. பெட்டிட் கொதித்துப்போனார். ஜின்னாவிடம் ஜூனியராக இருந்த எம்.சி. சாக்ளா தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். மகள் மைனர் என்று சொல்லி, இருவரும் சந்திக்கக் கூடாதென நீதிமன்றத் தடையும் வாங்கினார் தந்தை. அந்த வயது வித்தியாசத்தைப் பார்த்தால், அவர் கோபத்தில் ஒரு பாதி நியாயம் இருந்தது. ஆனால் மறுபாதி, மாப்பிள்ளை முஸ்லிம் என்பது.

ருட்டி காத்திருந்தார். 1918 பிப்ரவரியில் 18 வயது நிறைந்தது. ஏப்ரலில் வீட்டை விட்டு வெளியேறி, இஸ்லாத்தைத் தழுவி, 19-ம் தேதி ஜின்னாவை மணந்தார். பார்சி சமூகம் அவரை ஒதுக்கிவைத்தது.

மதம் மாறாமல் மணந்திருக்க முடியாதா? அன்று வழியில்லை. 1872-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்ய, சட்டம் பட்டியலிட்ட மதங்களில் எதையும் நாங்கள் பின்பற்றவில்லை என்று இருவருமே எழுதிக்கொடுக்க வேண்டும். ஜின்னாவோ சட்டமன்றத்தில் பம்பாய் முஸ்லிம்களின் பிரதிநிதி. அப்படி எழுதிக்கொடுத்தால் அவருடைய அரசியலே ஆட்டம் கண்டிருக்கும். இந்த நிபந்தனையைத் தளர்த்த பூபேந்திரநாத் பாசு கொண்டுவந்த மசோதாவை 1912-ல் ஆதரித்துப் பேசியவரும் ஜின்னாதான். மசோதா தோற்றது. அதற்கான விலையைக் கொடுத்தது ருட்டி.

1929-ல், தன் 29-வது பிறந்தநாளில் ருட்டி இறந்தபோது மகள் தீனாவுக்கு 9 வயது. அந்தப் பெண் வளர்ந்து, பார்சி வம்சத்தில் வந்த கிறிஸ்தவரான நெவில் வாடியாவை மணக்க விரும்பினாள். இந்தியாவில் லட்சக்கணக்கான முஸ்லிம் பையன்கள் இருக்க இவன்தான் கிடைத்தானா என்று சீறினார் அப்பா. லட்சக்கணக்கான முஸ்லிம் பெண்கள் இருந்தும் நீங்கள் ஏன் என் அம்மாவைக் கட்டினீர்கள் என்று திருப்பிக் கேட்டாளாம் மகள். இதையும் எழுதியவர் சாக்ளாதான். 1938-ல் பம்பாய் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது, அப்பா போகவில்லை. மேடையில் தாராளமாகப் பேசுகிறவர்கள் சொந்த வீட்டு வாசலில் இறுகிப்போவதை இந்த ஒரே குடும்பம் இருமுறை காட்டிவிட்டது.

இன்று 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. யாரும் தம் மதத்தைத் துறக்க வேண்டாம். ஆனால் திருமணத்துக்கு 30 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் அதை ஒட்டுவார்கள். வீட்டுக்குத் தெரியாமல் வந்த ஜோடிக்கு அந்த ஒரு மாதம் போதும். அண்ணனும் மாமாவும் தேடி வந்துவிடுவார்கள். சட்டம் கொடுத்த வழியை விட்டுவிட்டு, மதம் மாறிச் சட்டென்று தாலி கட்டிக்கொள்வதே பத்திரம் என்று பலர் நினைப்பது இதனால்தான். அலகாபாத் உயர்நீதிமன்றத்துக்கு வந்த ஒரு தம்பதியும் இந்த நோட்டீஸ்தான் சிக்கல் என்றார்கள். ஜோடி எழுத்துபூர்வமாகக் கேட்டால் மட்டும் அதை வெளியிட்டால் போதும் என்று 2021 ஜனவரியில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப் புத்தகத்திலோ அந்த 30 நாள் அப்படியே நிற்கிறது. அதை நாடாளுமன்றம்தான் நீக்க வேண்டும்.