முதல் வேலைக்கு வெளியூர் போகும் தாதிப் பிள்ளைகள்

தாதியர் படிப்பை முடித்த நமது தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை வேறு மாகாணத்தில்தான் கிடைக்கிறது. லயத்தில் வளர்ந்த பிள்ளை தூரத்துக்குப் போறதென்றால் பெற்றோருக்குப் பயம்தான். ஆனால் பயந்து மறிப்பதை விட, கடதாசிகளைச் சரிபார்த்து அனுப்புவதே நல்லது.

அரசாங்கத் தாதியர் பாடசாலைக்கு வர்த்தமானியில் அறிவித்துத்தான் ஆள் எடுப்பார்கள். பயிற்சி 3 வருடம். பிறகு கிடைக்கும் நியமனம் எந்த மாவட்டத்திலும் இருக்கலாம்.

தனியாரிடம் படித்தவர்கள் தாங்களே வேலை தேட வேணும். அந்தப் படிப்புக்குத் தாதியர் சபையில் பதிவு கிடைக்குமா என்று, காசு கட்டுமுன்பே சபையிடம் கேளுங்கள். நகையை அடகு வைத்துப் படிப்பித்த பின் கேட்டுப் பிரயோசனமில்லை.

பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பரீட்சைச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? ஓர் எழுத்து மாறினாலும் இப்போதே பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

வேலைக்குச் சேருமுன் நியமனக் கடிதத்தைக் கையில் வாங்க வேணும். சம்பளம், இரவு வேலை, தங்குமிடம் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேணும். உங்களுக்குப் போலவே பிள்ளைக்கும் சேமலாப நிதி உண்டு: தனியார் ஆஸ்பத்திரியில் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, நிர்வாகம் 12 வீதம் போட வேணும். நம்பிக்கை நிதிக்கு 3 வீதத்தையும் நிர்வாகமே கட்ட வேணும். மூலச் சான்றிதழ்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. பிரதி போதும்.

சிங்களம் பேசப் பழகச் சொல்லுங்கள். எங்கே வலிக்குது என்று நோயாளி சொல்வது தாதிக்கு விளங்க வேணுமே!

சந்தேகமிருந்தால் கடதாசிகளுடன் நலன்புரி அலுவலகத்துக்கு வாங்க. சேர்ந்து பார்ப்போம்.