தோலுக்குச் சுருதி

மேடையில் மிருதங்க வித்துவான் கல்லையும் மரக்கட்டையையும் எடுத்து வாத்தியத்தின் விளிம்பைத் தட்டத் தொடங்கியதும் சபையிலே பேச்சு எழுந்துவிடுகிறது. கச்சேரி இன்னும் ஆரம்பமாகவில்லை என்பது நம்மவர் எண்ணம். நானோ அந்த வேளையிலேதான் செவியைத் தீட்டிக்கொள்வேன். தோல் ஒன்று சுருதிக்கு இணங்குவது எளிதில் நிகழ்வதன்று. அது நம் கண்முன்னே நிகழும்போது ஊர்வம்பு பேசிக்கொண்டிருப்பது ரசிகர்க்கு அழகுமன்று.

இழுத்துக் கட்டிய தந்தியில் அடிப்படை ஒலியோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுடைய மேலொலிகளும் எழும். ஆதலால் அவை கலந்து ஒரே சுரமாகக் காதில் விழுகின்றன. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறுந்தோலின் இயல்பு வேறு. அதன் மேலொலிகள் அடிப்படையின் 1.59, 2.14, 2.30 மடங்கு என முரண்பட்டு நிற்கும். எத்துணை இறுக்கினாலும் இம்முரண் தீராது. ஓசை உயருமேயன்றித் தெளிந்த சுரம் பிறவாது.

வலந்தலையின் நடுவே கரிய வட்டமாகத் தோன்றும் ‘சோறு’தான் இம்முரணைத் தீர்ப்பது. கரணை என்றும் அதனைக் கூறுவர். கரிய கல்லின் பொடியை வெந்த சோற்றோடு பிசைந்து, சிறிது சிறிதாக இட்டு, ஒவ்வொரு படையையும் வழவழப்பான கல்லால் காயுமளவும் தேய்ப்பர். நடுவிற் கனத்து ஓரத்தில் மெலியுமாறு இது வளரும். தேய்க்கும்போது நுண்ணிய வெடிப்புகள் விழும். அவற்றைக் குறையென்று எண்ணவேண்டாம். சோறு தோலோடு இணைந்து வளைய இடந்தருபவை அவ்வெடிப்புகளே.

இதன் பௌதிகத்தை ஆராய்ந்தவர் சி. வி. இராமன். 1920இல் ‘நேச்சர்’ இதழில் சிவகாளி குமாருடன் ஒரு குறிப்பும், 1934இல் விரிவான கட்டுரையும் எழுதினார். தோலின்மேல் நுண்மணலைத் தூவி, அது ஒதுங்கி நிற்கும் கோடுகளால் அதிர்வு வகைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்பது வகை அதிர்வுகள் 1, 2, 3, 4, 5 என்னும் மடங்குகளையுடைய ஐந்து ஒலிகளாக ஒன்றிவிடுகின்றன என்பது அவர் கண்ட முடிபு. தந்தியின் ஒழுங்கு தோலுக்கும் வந்துவிட்டது!

முழவுக்கு மண் பூசும் வழக்கோ மிகப் பழையது. பொருநராற்றுப்படையிலே முழவு மண்ணோடு சேர்த்தே பேசப்படுகிறது; அம்மண்ணை மார்ச்சனை என்பர். ஆற்றங்கரை மண்ணைப் பூசி முழவுகளைக் குறித்த சுரங்களுக்கு இசைவிக்கும் மூவகை மார்ச்சனைகளைப் பரதரின் நாட்டிய சாத்திரம் சொல்கிறது. வகுப்பிலே இதனை வெறும் அடைமொழியென்று கடந்துவிடுகிறோம். மாணவர் முன்னே ஒரு மிருதங்கத்தை வைத்தால் உரை தானே விளங்கும்.

சோறு ஒழுங்கைத் தரும். சுருதியை ஏற்றி இறக்குவது வாரின் இறுக்கம். விளிம்புப் பின்னலை மேலிருந்து தட்டினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். கீழிருந்து தட்டினால் தளரும். சுற்றிலும் எவ்விடத்திலும் ஒரே சுருதி பேசவேண்டும். இடந்தலையில் ரவையை நீரிற் பிசைந்து அப்பி ஒலியைத் தாழ்த்துவர். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுப்பர். ஆண்குரலின் தாழ்ந்த சுருதிக்கு நீண்ட வாத்தியம் வேண்டும், பெண்குரலின் உயர்ந்த சுருதிக்குக் குறுகியது.

இராமன் அளந்து காட்டுமுன்பே, எத்தனை படை போதும் என்பதைச் செவியொன்றையே துணைக்கொண்டு முடிவுசெய்தவர்கள் தோல்வினைஞர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் புகழாதவர் இல்லை. அவருக்கு வாத்தியம் அமைத்த பர்லாந்தின் பெயரை எத்தனைபேர் அறிவோம்? அத்தகைய குடும்பங்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். அவர்களுட் பலர் தலித் கிறித்தவர். தோலைத் தொட்டவர் என்று விலக்கப்பட்டவரின் கையிலிருந்து வந்த பொருளே, மேடையேறியதும் வணங்கத்தக்கதாகிவிடுகிறது.

நமது கச்சேரி அழைப்பிதழ்களிற் பக்கவாத்தியக்காரர் பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடமுண்டு. யாழ்ப்பாணத்துச் சபைகளாவது அடுத்த விழாவில் அங்கே வாத்தியம் அமைத்தவரின் பெயரை அச்சிடட்டும்.