கானகத்துச் சரளைப் பாதையிலே

சைக்கிளை அறியாத குடும்பம் நம் நாட்டுப்புறப் பங்குகளில் இல்லை எனலாம். பின் இருக்கையில் துணைவியையும் முன் கம்பியில் பிள்ளையையும் அமர்த்திக்கொண்டு ஞாயிறு திருப்பலிக்கு வந்து சேர்ந்த தந்தையரை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். செபப் புத்தகத்தைத் தோள்பையில் இட்டுக்கொண்டு, சரளை பாவிய வண்டிப் பாதைகளில் கிளைக் கிராமந்தோறும் மிதித்துச் சென்ற உபதேசியார்களையும் அவர்கள் அறிவர். அந்நாளில் சரளைப் பாதை என்றால் துன்பம். தார்ச்சாலை என்று வருமோ என ஊரே ஏங்கிக் கிடந்தது.

இன்றோ மேல்நாடுகளில், நல்ல தார்ச்சாலை பக்கத்திலேயே இருக்க, அதை விட்டு விலகிச் சரளைப் பாதையைத் தேடிச் செல்வோர் பெருகி வருகின்றனர். இதற்கென்றே தனி வகைச் சைக்கிளும் தோன்றியிருக்கிறது. 'கிராவல் பைக்' என்பது அதன் பெயர். கிடைத்த வசதியைத் துறந்து கல்லும் புழுதியுமான வழியை இவர்கள் ஏன் நாடுகின்றனர்? இதை உணர்ந்துகொள்ள, போலந்து நாட்டின் வடகிழக்கு மூலையில், ஏரிகளும் அடவிகளும் சூழ்ந்த ஒரு நாட்டுப்புறத்திற்கு வாசகர்களை மனத்தளவில் அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அப்பாதை வெறும் உல்லாசப் பாதை அன்று. நம் திருச்சபையின் அண்மைக்கால வரலாறும் அதில் பதிந்து கிடக்கின்றது.

சைக்கிளின் அமைப்பு

முதலில் வாகனத்தைப் பற்றிச் சில சொற்கள். பந்தய சைக்கிளுக்குரிய, கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் இதற்கும் உண்டு. ஆனால் டயர் மட்டும் அகலமானது. பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதில் காற்றைச் சற்றுக் குறைத்தே அடிப்பார்கள். காற்று விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் வண்டியைத் தூக்கி எறியும். சற்றுத் தளர்ந்திருந்தால் டயர் கல்லைத் தழுவிச் செல்லும். அமெரிக்காவின் நடுப்பகுதி மாநிலங்களில் பண்ணைகளுக்கு இடையே உள்ள மண்சாலைகளில் இவ்வழக்கம் வளர்ந்தது. 2006-இல் கான்சஸ் மாநிலத்தில் 200 மைல் பந்தயம் ஒன்று தொடங்கப்பெற்றது. 2022-இல் இத்தாலியில் உலக வெற்றியாளர் போட்டியே நடைபெற்றது.

எனினும் பந்தயக்காரர் சிலரே. மிகப் பலர் குடும்பமாகவும் நண்பர் குழுவாகவும் செல்பவர்கள். அவர்கள் கற்றுக்கொள்ளும் விதிகளும் எளியவை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தல் ஆகாது. முன்சக்கரத்தடியில் உள்ள கல்லைப் பாராமல், செல்ல வேண்டிய இடத்தை நோக்க வேண்டும். வளைவில் பிரேக்கை அழுத்தினால் வண்டி சறுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, உடன் வருபவரின் வேகமே தன் வேகம் என்று கொள்ள வேண்டும். கானகப் பாதைகளில் லாரியும் பேருந்தும் இல்லையாதலால், இருவர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டே செல்ல இயலும். தார்ச்சாலையில் கிடைக்காத பேறு இது.

பனி செதுக்கிய நாடு

நாம் புறப்படும் ஊரின் பெயர் அவுகுஸ்டூவ். அதைச் சூழ்ந்து, போலந்து எல்லைக்குள் மட்டும் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேலாக, பைன் மரங்களும் ஸ்ப்ரூஸ் மரங்களும் ஓங்கிய அடவி பரந்திருக்கிறது. அது லித்துவேனியா, பெலாரஸ் நாடுகளுக்குள்ளும் நீள்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் முழுவதையும் மாபெரும் பனிப்பாளம் மூடியிருந்தது. அது உருகிப் பின்வாங்கியபோது, உருட்டி வந்த கற்களையும் சரளையையும் மணலையும் இங்கே விட்டுச் சென்றது; பள்ளங்களில் நீர் தேங்கி ஏரிகளாயின. ஆக, கண்ணுக்கு விருந்தாகும் ஏரியும், காலுக்கு வேலை தரும் சரளையும் உடன்பிறந்தவை என்றே சொல்லலாம்.

அவுகுஸ்டூவிலிருந்து கிழக்கே செல்லும் பாதை ஒரு பழைய கால்வாயை ஒட்டிச் செல்கிறது. 1824-இல் தொடங்கி 1839-இல் முடிக்கப்பெற்ற இக்கால்வாய் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமுடையது. விஸ்துலா ஆற்றின் வழியே சென்ற சரக்குகள் மீது பிரஷ்யா கடுஞ்சுங்கம் விதித்தமையால், மாற்றுவழி வேண்டி இதனை வெட்டினர். ஏரிகளின் நீர்மட்டம் ஒன்றற்கொன்று வேறுபடுவதால், படகை ஏற்றி இறக்க 18 நீர்ப்பூட்டுகள் அமைத்தார்கள். அவற்றுள் பலவற்றின் கதவுகளை இன்றும் ஆட்கள் கையாலேயே சுழற்றித் திறக்கின்றனர். சைக்கிளில் வருவோர் இறங்கி நின்று அதைக் காண்பது வழக்கம்.

வழிநெடுகச் சிற்றூர்களின் முனையில் மரச்சிலுவைகளும் சிறு மாதா கெபிகளும் நிற்கின்றன. மே மாதத்து மாலைகளில் ஊரார் அவற்றின் முன் கூடி, தேவமாதாவின் மன்றாட்டு மாலையைப் பாடுவர். நம் ஊர்களிலும் மாதா வணக்க மாதத்தில் ஒலிக்கும் அதே மன்றாட்டு மாலைதான்.

படகே பீடமாக

கால்வாயை விட்டு வடக்கே திரும்பும் இடத்தில் சார்னா ஹாஞ்சா என்னும் ஆறு குறுக்கிடுகிறது. 'கறுப்பு ஹாஞ்சா' என்று பொருள். 1950-களில் கிராக்கூவ் நகரத்துக் கல்லூரி மாணவர் குழு ஒன்று இந்த ஆற்றில் படகோட்டி வந்ததுண்டு. அவர்களோடு வந்த இளைஞர் ஒருவரை யாவரும் 'வுயெக்', அதாவது 'மாமா' என்று அழைத்தனர். அவர் ஒரு குரு. அந்நாளைய பொதுவுடைமை அரசு, குருக்கள் ஆலயத்துக்கு வெளியே இளைஞர் குழுக்களை நடத்துவதைத் தடுத்து வைத்திருந்தது. ஆகவே அவர் அங்கியைக் களைந்து சாதாரண உடையில் வந்தார். குரு என்பது அயலாருக்குத் தெரியாதிருக்கவே அந்த 'மாமா' பட்டம். காலையில் கவிழ்த்து வைத்த படகே பீடமாகும்; துடுப்புகள் இரண்டைச் சேர்த்துக் கட்டினால் அதுவே சிலுவையாகும். பகல் முழுவதும் மாணவர் ஒவ்வொருவராக அவரது படகில் மாறி ஏறிக்கொண்டு, காதல், திருமணம், ஐயம், விசுவாசம் ஆகிய எல்லாவற்றையும் மனம் விட்டுப் பேசினர். சைக்கிளிலும் பனிச்சறுக்கிலும் கால்நடையாகவும்கூட அவர் அவர்களோடு சென்றார்.

1958 ஜூலையில், அருகிலுள்ள மற்றோர் ஏரி நாட்டில் படகுப் பயணத்தில் இருந்தபோதே, அவர் துணை ஆயராக நியமிக்கப்பெற்ற செய்தி வந்தது. வார்சா சென்று கர்தினால் விஷின்ஸ்கியிடம் தம் சம்மதத்தைத் தெரிவித்த பின், அவர் மீண்டும் தம் இளைஞரிடமே திரும்பி வந்தார். அப்போது அவருக்கு வயது 38. அவரே பின்னாளில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர். 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வருகை தந்து நம்மை ஆசீர்வதித்த, இன்று புனிதராக நாம் வணங்கும் இரண்டாம் ஜான் பால்.

கல்லறை இல்லாத இறந்தோர்

அடவியின் நடுவே மேலும் சென்றால் கிபி என்னும் சிற்றூர் வருகிறது. சாலையோரக் குன்றின் மீது பெரிய சிலுவை ஒன்று நிற்க, அதைச் சுற்றிப் பாறைக் கற்கள் நடப்பெற்றுள்ளன. இங்கே சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு மௌனமாக ஏறிச் செல்வது நலம்.

1945 ஜூலை. ஐரோப்பாவில் போர் ஓய்ந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. சோவியத் படையினர் இவ்வடவியையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் வளைத்து, ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துச் சென்றார்கள். பலர் விடுதலை பெற்று வீடு திரும்பினர். ஆனால் ஏறத்தாழ 600 பேர் திரும்பவே இல்லை. எங்கே கொல்லப்பட்டார்கள், எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பது இன்றளவும் வெளிப்படவில்லை. பொதுவுடைமை ஆட்சி நீடித்த ஆண்டுகளில் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசவும் குடும்பங்கள் அஞ்சின. 2015 முதல் ஜூலை 12-ஆம் நாளைப் போலந்து அவர்களின் நினைவு நாளாகக் கடைப்பிடித்து வருகிறது.

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் நம் குடும்பங்கள் செய்வதை எண்ணிப் பார்ப்போம். முன்னோரின் கல்லறையைக் கழுவி வெள்ளையடித்து, மலர் தூவி, மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் வந்து மந்திரிக்கும்வரை காத்திருக்கிறோம். மெழுகுதிரி ஏற்ற ஓர் இடங்கூட இல்லாத தாயின் துயர் எத்தகையது! கிபி குன்றின் சிலுவை அத்தகையோருக்குரிய பொதுக் கல்லறையாக நிற்கின்றது. மோட்டாரில் விரைவோர் இதை ஒரு நொடியில் கடந்துவிடுவர். மூச்சு வாங்க மெல்ல வருபவனோ நின்றே ஆகவேண்டும். நின்றவன் ஒரு பரலோக மந்திரமாவது சொல்லாமல் போக மாட்டான்.

திறந்து காட்டும் மாதா

கிபியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் வடக்கே செய்னி நகரம். அங்குள்ள பசிலிக்காவில் ஓர் அரிய சுரூபத்தைக் காணலாம். பாலனை ஏந்தி அமர்ந்திருக்கும் தேவமாதாவின் மரச்சுரூபம் அது. மார்பின் நடுவே பிளவுண்டு, அலமாரியின் கதவுகளைப் போல் திறக்கும். உள்ளே தமதிரித்துவத்தின் திருவுருவம் தோன்றும். அன்னையை நாடி வருவோர் இறைவனிடமே சேர்க்கப்படுகின்றனர் என்னும் படிப்பினையை, எழுத்தறியாதவருக்கும் அது கண்ணெதிரே காட்டிவிடுகிறது. 1975-இல் இச்சுரூபத்திற்கு முடிசூட்டினார்கள்.

இவ்வட்டாரத்தில் போலந்து மக்களோடு லித்துவேனியரும் வாழ்கின்றனர். இரு சாராரும் கத்தோலிக்கரே. ஆயினும் இப்பேராலயத்தில் தங்கள் தாய்மொழியில் திருப்பலி வேண்டும் என்று லித்துவேனியர் நெடுங்காலம் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. 1983-இல்தான் அது கைகூடியது. ஒரே விசுவாசம் உடையோரிடையேயும் உடன்செல்லுதல் எளிதன்று என்பதற்கு இது சான்று. இத்தனைக்கும், செய்னியின் ஆயராக விளங்கி 1902-இல் மரித்து, இதே ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்ற அந்தானாஸ் பரனௌஸ்காஸ், லித்துவேனிய மொழியின் பெருங்கவிஞர்! தம் சொந்த ஊரின் அழிந்துபோன வனத்தைக் குறித்து அவர் பாடிய நெடும்பாடலை அம்மக்கள் இன்றும் போற்றுகின்றனர்.

ஏரியின் மேல் மௌனம்

செய்னியிலிருந்து மேற்கே திரும்பினால் விக்ரி ஏரி. 21 சதுர கிலோமீட்டர் பரப்பும், 70 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் உடையது. 1989 முதல் இது தேசியப் பூங்கா. நீர்நாய் போன்ற தோற்றமும் அகன்ற வாலும் கொண்ட பீவர் என்னும் பிராணி இங்கே மரங்களைப் பல்லால் அறுத்துத் தன் அணைகளைக் கட்டுகிறது. ஏரிக்குள் நீண்ட மேட்டின் மீது, வெண்கோபுரங்களோடு கமால்தோலி துறவிகளின் பழைய மடம் விளங்குகிறது. 1667-இல் அரசர் யான் கஜிமியெஸ் அவர்களை இங்கே குடியமர்த்தினார். ஒவ்வொரு துறவிக்கும் தனிச் சிறுவீடு, தனித் தோட்டம். செபமும் மௌனமுமே வாழ்வு. 1800-இல் பிரஷ்ய அரசு அவர்களை அகற்றியது. இரு உலகப் போர்களிலும் சிதைந்த மடம் மீண்டும் எழுப்பப்பெற்றது.

1999 ஜூன் மாதத்தில் நம் பாப்பரசர் தம் தாய்நாட்டுப் பயணத்தின் நடுவே ஓய்வுக்கென இம்மடத்தில்தான் தங்கினார். ஒரு காலத்தில் துடுப்புப் பிடித்த கைகள் அப்போது நடுங்கின, வயது 79. ஏரியில் படகில் அழைத்துச் சென்றார்கள். அன்றே, முன்னறிவிப்பு ஏதுமின்றி, அருகிலுள்ள ஓர் உழவர் குடும்பத்தின் வீட்டுக்குச் சென்று அவர்களோடு அமர்ந்து அளவளாவினார்.

பின்னர் அவர் சென்ற இடமே நம் பயணத்தின் முடிவும் ஆகும். விக்ரியிலிருந்து அடவியூடே தெற்கே மிதித்தால் மாலைக்குள் ஸ்துஜெனிச்னா ஏரிக்கரை வந்துவிடும். நீரின் நடுவே, கரையோடு இணைந்த சிறு தீவில், 1872-இல் கட்டிய மாதா சிற்றாலயமும் அதன் அருகே ஒரு கிணறும் உள்ளன. அக்கிணற்று நீரால் கண்களைக் கழுவிக்கொள்வது திருப்பயணிகளின் வழக்கம். பலமுறை தாம் இங்கே வந்திருந்தாலும், பாப்பரசராக வருவது இதுவே முதல் முறை என்றும், ஒருவேளை இதுவே கடைசியாகவும் இருக்கலாம் என்றும் அவர் அங்கே கூறினார். அவ்வாறே ஆயிற்று, 2005-இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

நம் பங்குகளுக்கு ஒரு சொல்

மூன்று நாளில், ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் முடியும் இப்பயணத்தை மேற்கொள்ளும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே கிட்டும். ஆனால் அதன் பாடம் தொலைவில் இல்லை. நம் இளைஞர் கோவிலுக்கு வருவதில்லை, வந்தாலும் வாசற்படியிலேயே நின்றுவிடுகின்றனர் என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். அவர்கள் போகும் வழியில், அவர்கள் போகும் வேகத்தில், அவர்களோடு ஒரு நாளேனும் நாம் சென்றதுண்டா? அந்த இளங்குரு மாணவரைத் தம் அறைக்கு அழைத்து உபதேசித்ததோடு நின்றுவிடவில்லை. அவர்களுடைய படகில் ஏறினார், அவர்களுடைய கேள்விகளைக் கேட்டார். எம்மாவுஸ் சாலையில் உயிர்த்த ஆண்டவர் செய்ததும் இதுவே. துயருற்று நடந்த சீடரோடு அவரும் நடந்தார். அவர்கள் பேசியதை முதலில் கேட்டார். விளக்கம் அதன் பின்னரே வந்தது. அப்பம் பிட்டது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

வரும் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை, பழைய சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து, வளர்ந்த மகனையோ மகளையோ உடன் அழைத்துக்கொண்டு, ஏரிக்கரை வழியாகப் பக்கத்துக் கிளைக் கிராமத்துக் கோவில் வரை போய் வருவோம். வழியில் கல்லறைத் தோட்டம் இருந்தால் சற்று இறங்கி நிற்போம். பிள்ளை பேசினால் கேட்போம். பேசாவிட்டாலும் பக்கத்திலேயே மிதித்துச் செல்வோம். மூன்றாமவராக ஆண்டவர் நம்மோடு வருவார்.